மூலான் ரூஜ்: லா கூலூ
ஆன்றி தெ துலூஸ்-லோத்ரெக் (1864–1901)
கல்லச்சுச் சுவரொட்டி, பாரிஸ், 1891

பாரிசின் மோன்மார்த்ர் பகுதியில் 1889 அக்டோபரில் திறந்த கேளிக்கை விடுதி மூலான் ரூஜ். இரண்டாண்டு கழித்து அதன் விளம்பரத்துக்காக லோத்ரெக் வரைந்தது இது. அவருடைய முதல் சுவரொட்டி. சுமார் 3,000 படிகள் அச்சாகி நகரமெங்கும் ஒட்டப்பட்டன.

வெள்ளை உள்பாவாடை விரியக் காலைத் தூக்கி ஆடுபவர் லூயிஸ் வெபேர். மேடைப் பெயர் லா கூலூ. முன்னால் சாம்பல் நிழலாக நிற்பவர் அவருடன் ஆடிய வாலந்தேன். பின்னால் தொப்பி வைத்த கூட்டம் மொத்தமும் ஒரே கறுப்பு. காசு கொடுத்துப் பார்க்க வந்தவர்களுக்கு முகமே கிடையாது. விளம்பரப் படத்தில் இப்படிச் செய்ய நல்ல துணிச்சல் வேண்டும்! தட்டையான நிறமும் அழுத்தமான கோடும் ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படங்களிடம் கற்றவை.

லோத்ரெக் பிரபுக் குடும்பத்துப் பிள்ளை. பதின்வயதில் இரு தொடையெலும்புகளும் முறிந்து, கால்களின் வளர்ச்சி நின்றுபோனது. நடன அரங்குகளோடு நிற்காமல் பாலியல் தொழில் விடுதிகளிலும் தங்கி வரைந்தார். 1896-இல் வெளியிட்ட ‘எல்’ என்ற கல்லச்சுத் தொகுப்பில் அங்குள்ள பெண்கள் தலை வாருகிறார்கள், உடம்பு கழுவுகிறார்கள், அசந்து படுத்திருக்கிறார்கள். கிளுகிளுப்புத் தேடியவர்களுக்கு அதில் ஒன்றுமில்லை. தொகுப்பும் சரியாக விற்கவில்லை. அவருடைய ஆகச் சிறந்த வேலைகளில் அதுவும் ஒன்று.

குடியும் மேகநோயும் உடலைக் கெடுக்க, 36 வயதில் இறந்தார். அவர் படைப்புகளின் மிகப் பெரிய தொகுப்பு, பிறந்த ஊரான ஆல்பியில் 1922-இல் திறந்த அருங்காட்சியகத்தில் உள்ளது.