டேபிள் ரோஸ் ஏன் மூன்றே வாரத்தில் அழுகிப்போகிறது?

நர்சரியில் வாங்கும்போது தொட்டி முழுக்கப் பூ. பால்கனிக்கு வந்த மூன்றாவது வாரம், தண்டின் அடிப்பகுதி பழுப்பாகிக் கூழாகி, தொட்டாலே கையோடு வந்துவிடுகிறது. ‘எனக்குக் கைராசி இல்லப்பா’ என்று பலரும் செடி வளர்ப்பையே விட்டுவிடுவது இங்கேதான். ஆனால் பிரச்சினை ராசியில் இல்லை. தினமும் காலையில் தவறாமல் ஊற்றும் அந்த ஒரு மக் தண்ணீரில் இருக்கிறது.

பத்து மணிப் பூ என்றும் அழைக்கப்படும் இந்தச் செடியின் பூர்வீகம் தென் அமெரிக்கா. ஆனால் நம்ம ஊர் பருப்புக்கீரைக்கு நெருங்கிய சொந்தம். இரண்டுமே தண்ணீரைத் தண்டிலும் இலையிலும் சேமித்து வைக்கும் ரகம். மண் எப்போதும் ஈரமாகவே இருந்தால் வேருக்குக் காற்று கிடைக்காமல் அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது, இலை துவளும். அதைப் பார்த்து, ‘ஐயோ, தண்ணி பத்தலபோல’ என்று இன்னொரு மக். அவ்வளவுதான், செடி காலி!

விரலை ஒரு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றினால் போதும். சித்திரை வெயிலில் மொட்டைமாடித் தொட்டிக்குத் தினமும் தேவைப்படலாம். மார்கழியில் சில நாள்கள் விட்டு ஊற்றினாலும் தாங்கும். தொட்டியின் அடியில் ஓட்டை கட்டாயம். செம்மண், மணல், மட்கிய உரம் மூன்றும் சம அளவு. கோகோபீட் ஈரத்தைப் பிடித்து வைக்கும் என்பதால் அதைக் குறைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது வெயில். குறைந்தது 6 மணி நேரம் நேரடியாக விழ வேண்டும். நிழலில் வைத்தால் தண்டு மட்டும் நீண்டு, பூ வராது. வெயிலே எட்டாத பால்கனி என்றால் இந்தச் செடி வேண்டாம், மணிபிளான்ட் பக்கம் போய்விடலாம். மேகமூட்டமான நாளில் பூ விரியாததும், மதியத்துக்கு மேல் சுருங்குவதும் நோய் அல்ல. ஒரு பூவின் ஆயுளே ஒரு நாள்தான்.

வெள்ளை மாவுப்பூச்சி தெரிந்தால், ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்ப எண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளிக்கலாம். நாய், பூனை இருக்கும் வீடுகளில் அவற்றுக்கு எட்டாத உயரத்தில் தொட்டியை வைக்க வேண்டும். இதிலுள்ள ஆக்சலேட் அவற்றுக்கு ஒத்துக்கொள்ளாது.

புதுச் செடிக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. பக்கத்து வீட்டு மாடியிலிருந்து மூன்று அங்குலத் தண்டு நான்கைந்து கேட்டு வாங்கி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு நட்டால் ஒன்றிரண்டு வாரத்தில் வேர்விடும். ஐப்பசி மழைக்கு முன்பு இப்படிச் சில தண்டுகளைச் சின்னத் தொட்டியில் நட்டு, மழை படாத, வெளிச்சமான ஜன்னலோரம் வைத்துவிடுங்கள். மாடியில் இருப்பது மழையில் அழுகினாலும், தை மாதம் இவற்றை வெயிலுக்கு எடுத்து வைத்துக்கொள்ளலாம்.