'நைஸ்' என்னும் சொல்

'நைஸ்' என்னும் ஆங்கில அடைமொழியை அறியாதார் இலர். 'இனிய', 'நல்ல' என்று பொருள் கூறிவிட்டு அப்பால் நகர்ந்துவிடுகிறோம். அவ்வாறு நகர்ந்து இடறியவன் நான். கல்லூரியில் பயின்ற நாளில், திறனாய்வாளர் ஒருவர் எழுதியிருந்த 'நைஸ் டிஸ்டிங்ஷன்' என்பதை 'அழகிய வேறுபாடு' என மொழிபெயர்த்தேன். ஆசிரியர் சிவப்பு மையால் வட்டமிட்டு, அகராதியைக் கையில் கொடுத்தார். 'நுண்ணிய வேறுபாடு' என்பதே பொருள். அவர் எதனையும் பாராட்டவில்லை. நானோ பாராட்டியதாக ஆக்கிவிட்டேன்!

அகராதி காட்டிய வரலாறு வியப்பூட்டியது. இதன் மூலம், 'அறியாத' எனப் பொருள்படும் 'நெஸ்கியுஸ்' என்னும் இலத்தீன் சொல். பழைய பிரெஞ்சு மொழியின் வழியே 1300ஆம் ஆண்டையொட்டி ஆங்கிலத்தில் நுழைந்தபொழுது 'அறிவற்ற' என்றே வழங்கிற்று. பின்னர், எளிதில் மனநிறைவு கொள்ளாத, நுணுகி நோக்கும் என்றெல்லாம் திரிந்து, 18ஆம் நூற்றாண்டில்தான் இனிமைப் பொருளை எய்தியது. ஜேன் ஆஸ்டின் எழுதி 1817ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த 'நார்த்தேங்கர் அபே' நாவலில், ஒரு நூலை இச்சொல்லால் புகழும் கேத்தரினை, 'அதன் நூற்கட்டு நேர்த்தி என்கிறாயோ' என்னும் பொருள்பட ஹென்றி டில்னி கேலி செய்கிறான். எதனைப் புகழவும் இவ்வொரு சொல்லே போதும் என்றாகிவிட்டதே என்பது அவன் குறை.

பழைய பொருள் முற்றும் மாய்ந்துவிடவில்லை. நுட்பமான சட்டச் சிக்கலை 'நைஸ் பாயிண்ட்' என்று சட்டவல்லுநர் இன்றும் கூறுவதுண்டு. எங்கள் வீட்டிலோ, மாவை 'நைஸாக' அரைக்கும்படி தாயார் சொல்வார். அங்கே இனிமைக்கு இடமில்லை, நுண்மையே பொருள். அன்று அவரைக் கேட்டிருந்தால் சிவப்பு வட்டத்திற்குத் தப்பியிருப்பேன்.