கீச்சும் லொடலொடவும்

காருக்குள் கேட்கும் தொல்லைச் சத்தத்தை முதலில் காதாலேயே இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். 'லொடலொட' என்றால் ஏதோ ஒன்று கழன்று, பக்கத்தில் இருப்பதன்மேல் மோதுகிறது. 'கீச் கீச்' என்றால் இரண்டு பரப்புகள் இறுக்கமாகத் தொட்டபடியே உரசுகின்றன. முன்னதற்கு இறுக்கம் வேண்டும். பின்னதற்கு நடுவில் எதையாவது வைக்க வேண்டும். "உள்ள ஏதோ சத்தம் வருதுண்ணே" என்று மட்டும் மெக்கானிக்கிடம் சொன்னால், அவர் கைக்கு எட்டிய நாலு ஸ்க்ரூவை முறுக்கிக் கொடுப்பார். கீச்சு அப்படியே இருக்கும்.

கீச்சு எப்படிப் பிறக்கிறது? ஓய்ந்து நிற்கும் பொருளை அசைக்கத் தேவைப்படும் விசை, அசைந்துகொண்டிருப்பதைத் தொடர்ந்து நகர்த்தத் தேவைப்படுவதைவிட அதிகம். பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கியதும் பாடி லேசாக முறுக்கிக்கொள்கிறது. டேஷ்போர்டின் ஓரம் பக்கத்துப் பிளாஸ்டிக்கோடு ஒரு கணம் ஒட்டி நிற்கும், விசை சேர்ந்ததும் சட்டென்று வழுக்கும், மறுபடி ஒட்டும். விநாடிக்கு நூற்றுக்கணக்கில் இது நடந்தால் நமக்குக் கீச்சு. வயலின் தந்தியில் வில் செய்வதும் இதே வேலைதான். அங்கே நன்றாக ஒட்டவேண்டும் என்று ரோசின் தடவுகிறார்கள்; நமக்கு ஒட்டவே கூடாது.

காலையில் கத்தும் கார் மத்தியானம் வாயை மூடிக்கொள்வதற்குக் காரணம் சூடு. ஒரு மீட்டர் நீள எஃகு 40 டிகிரி சூடேறினால் அரை மில்லிமீட்டர் அளவுக்கு நீளும். கார்களில் போடும் பிளாஸ்டிக் அதைப்போல் ஐந்தாறு மடங்கு நீளும், சில வகை அதற்கும் மேலே. கண்ணாடியை ஏற்றிவிட்டு மே மாத வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு 70 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். காலையில் தளர்ந்து கிடந்த இடம் மத்தியானம் இறுகிப்போகும். வேறெங்கோ இடைவெளி திறக்கும். கம்பெனிக்காரர்களுக்கும் இது தெரியும். சோதனைக் காரின் நான்கு சக்கரத்தையும் நான்கு தூண்களின்மேல் ஏற்றி, சூட்டிலும் குளிரிலும் ஆட்டிப் பார்க்கிறார்கள். ஆகவே ஒர்க்‌ஷாப்புக்குப் போவதானால் சத்தம் வருகிற நேரத்தில் போங்கள். எலெக்ட்ரிக் கார் வாங்கியவர்கள் அதிகம் புலம்புவதிலும் நியாயம் இருக்கிறது: இந்தச் சில்லறைச் சத்தங்களை மூடி மறைக்க அங்கே இன்ஜின் இரைச்சல் கிடையாது.

இன்னொரு டீ சொல்லிவிட்டுக் கேளுங்கள், வேலையில் முக்கால்வாசி கண்டுபிடிப்பதுதான். முதலில் காரைக் காலி செய்யுங்கள். டோர் பாக்கெட்டில் கிடக்கும் பேனா, கூலிங் கிளாஸ், கோயில் வாசலில் போடச் சேர்த்த சில்லறை, டிக்கியில் ஜாக்கியும் ஸ்பேனரும் எல்லாம் வெளியே வரட்டும். ஆள் இல்லாத சீட்டின் பெல்ட் கொக்கி பில்லரில் தட்டுவதுண்டு. பின் சீட்டை மடக்கி விரித்தபின் அதன் லாக் சரியாக விழாமல் லொடலொடப்பதும் உண்டு. இவ்வளவிலேயே பலருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

தீரவில்லை என்றால் துணைக்கு ஒருவர் வேண்டும். ஒருவர் மெதுவாக ஓட்ட, மற்றவர் உள்ளங்கையால் ஒவ்வொரு இடமாக அழுத்திக்கொண்டே வரவேண்டும். ஓட்டுபவரே தடவிப் பார்க்கும் வேலை வேண்டாம். எங்கே அழுத்தும்போது சத்தம் நிற்கிறதோ அங்கேதான் ஆள் இருக்கிறான். காதை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். தகடு வழியாக ஓடி, முன் கண்ணாடியில் எதிரொலித்து, சத்தம் வேறு இடத்திலிருந்து வருவதுபோல் காட்டும். கதவு ரப்பர் பீடிங்மேல் சந்தேகமா? அது பாடியைத் தொடும் கோட்டின்மேல் வழவழப்பான டேப்பை ஒட்டி ஓட்டிப் பாருங்கள். சத்தம் போனால் பீடிங்தான்.

பீடிங்கைத் துடைத்துக் காயவைத்து, சிலிக்கான் கிரீஸை விரலால் மெலிதாகத் தடவினால் போதும். சாதாரண கிரீஸ் கூடாது, அந்த ரப்பர் உப்பிவிடும். பிளாஸ்டிக் பிளாஸ்டிக்கோடு உரசும் இடத்துக்கு ஃபெல்ட் டேப் அல்லது ஒயரிங்கில் சுற்றும் துணி டேப். டபிள்யூடி-40 பீய்ச்சுவது எனக்குப் பிடிக்காத பழக்கம். 1953இல் அதை உருவாக்கியது ஈரத்தை விரட்டித் துருவைத் தடுக்க. பீய்ச்சினால் கொஞ்ச நாள் அமைதி. பிறகு அதில் தூசி ஒட்டும், சத்தமும் திரும்பும். சிலிக்கான் ஸ்ப்ரேயும் துணியில் நனைத்துத் தடவ மட்டுமே. பெடலிலோ ஸ்டீயரிங்கிலோ பட்டால் வழுக்கும். பெயின்ட் அடிப்பவர்கள் அதைக் கண்டாலே அலறுவார்கள். சிலிக்கான் பட்ட இடத்தில் பெயின்ட் குழி குழியாகிவிடும்.

டிரிம்மைக் கழற்ற ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், அதற்கென்றே பிளாஸ்டிக் நெம்புகோல் விற்கிறார்கள். கிளிப் உடையும் என்று எதிர்பார்த்து நாலைந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஏர்பேக் என்று எழுதிய பில்லர் கவரில் மட்டும் கை வைக்காதீர்கள். அதன் பின்னால் ஸ்பாஞ்ச் திணித்தால் பை விரிய வேண்டிய வழி அடைபடும். சீட்டுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் கனெக்டரும் ஏர்பேக் சம்பந்தப்பட்டதாகவே இருக்கும். இவற்றைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

நின்ற காரில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதோ, ஸ்பீடு பிரேக்கரில் மெதுவாக ஏறி இறங்கும்போதோ மட்டும் கீழிருந்து முனகல் கேட்டால் அது வேறு கதை. சஸ்பென்ஷன் புஷ்ஷோ, பால் ஜாயின்ட்டோ தேய்ந்திருக்கலாம். லிஃப்டில் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் டேஷ்போர்டை அவிழ்க்க விடாதீர்கள்.