சால்னா குடிக்கும் மரக்கிண்ணம்

வாசகர் ஒருவர் கேட்கிறார்: "மாமரக் கட்டையில் கிண்ணம் கடைந்தேன். ஸ்டெய்ன் பூசியதும் எதிரெதிரே இரண்டு இடங்கள் மட்டும் கறுத்துவிட்டன. மேலே வார்னிஷ் அடித்தேன். திட்டு இன்னும் எடுப்பாகத் தெரிகிறது. காப்பாற்ற வழி உண்டா, அடுப்பில் போட்டுவிடவா?"

அடுப்பு காத்திருக்கட்டும். 'எதிரெதிரே இரண்டு இடங்கள்' என்று அவர் சொன்னதிலேயே பாதி விடை இருக்கிறது.

மரக்கட்டை என்பது வேரிலிருந்து இலைக்கு நீர் ஏற்றிய குழாய்களின் கட்டு. அந்தக் குழாய்ச் செல்கள், மரம் உயிரோடு நின்றபோதே செத்துப்போனவை; செத்த பிறகுதான் அவை குழாயாக வேலை செய்யவே தொடங்கும். மாமரத்தில் அவற்றின் விட்டம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, அல்லது சற்று முன்பின். நுண்புழை ஈர்ப்பால் திரவம் அவற்றுக்குள் தானாகவே ஏறும். குழாய் ஓடும் திசையில் மரம் திரவத்துக்கு வழிவிடுவது, குறுக்குத் திசையில் விடுவதைவிடப் பல ஆயிரம் மடங்கு அதிகம்.

கிண்ணம் கடைபவர்கள் பெரும்பாலும் நார் படுக்கைவசமாக இருக்கும்படி கட்டையைப் பொருத்துகிறார்கள். அதனால் கிண்ணத்தை ஒரு சுற்றுச் சுற்றினால், இரண்டு இடங்களில் நார் சுவரோடு ஒட்டி ஓடும்; இரண்டு இடங்களில் நார் அறுபட்டு, குழாய்களின் வாய் வெளியே பார்க்கும்.

பரோட்டாவை நினைத்துக்கொள்ளுங்கள். முழுப் பரோட்டாவின் முதுகில் சால்னாவை ஊற்றினால் வழிந்து ஓடும். பிய்த்த ஓரத்தில் ஊற்றினால் அடுக்கடுக்காக இறங்கும். வாசகரின் கறுப்புத் திட்டுகள் அந்தப் பிய்த்த ஓரங்கள். உளி மழுங்கியிருந்தால் இன்னும் மோசம்: அது நாரை அறுக்காமல் கிழிக்கும், மாஸ்டர் இரு கையாலும் அடித்து அடுக்கை உதிர்ப்பதைப் போல. ஸ்டெய்னில் இருக்கும் நிறமித் துகள் கறித்துண்டு. அடுக்கின் இடுக்கில் சிக்கி நிற்கும். சாயமோ குழம்பின் சாறு. அதன் மூலக்கூறு செல் சுவருக்குள்ளேயே புகுந்துவிடும். வார்னிஷ் அடித்த கிண்ணம், பாலித்தீன் உறை பிரிக்காத பரோட்டா. இன்னும் இழுத்தால் எனக்குப் பசிக்கும், நிறுத்துகிறேன்.

உடனே துடைத்தால் திட்டு விழாதா? விழும். நுண்குழாயில் திரவம் ஏறும் ஆழம், நேரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று வாஷ்பர்ன் என்ற அறிவியலாளர் 1921இல் காட்டினார். இருமடங்கு ஆழத்துக்கு நான்கு மடங்கு நேரம் வேண்டும். அதாவது ஓட்டம் தொடக்கத்தில்தான் வேகம். துணியைத் தேடுவதற்குள் ஆட்டம் பெரும்பாலும் முடிந்துவிடும்.

வரலாறு இல்லாமல் கட்டுரை கரையேறாது என்பதால் சாயத்தைப் பற்றி ஒரு பத்தி. 1856இல், லண்டனில் 18 வயது வில்லியம் ஹென்றி பெர்கின் மலேரியாவுக்கான குயினைனைச் செய்யப்போய்த் தோற்றார். குடுவையில் மிஞ்சிய கறுப்புக் கசடிலிருந்து ஊதாச் சாயம் கிடைத்தது. செயற்கைச் சாயத் தொழில் அங்கிருந்து வளர்ந்தது. போதும்.

இனி மீட்பு. முதலில் வார்னிஷை உப்புத்தாளால் முழுக்க எடுங்கள். கறுத்த இடங்களை மட்டும் தேய்த்து வெளுக்கவைக்கப் பார்க்காதீர்கள். நிறம் போவதற்குள் சுவர் மெலிந்து கிண்ணம் கோணிவிடும். ஈரத்துணியால் துடைத்து, நார் சிலிர்த்ததும் மெல்லத் தேயுங்கள். பிறகு தண்ணீரில் கரைத்த கறுப்புச் சாயத்தைக் கிண்ணம் முழுக்கப் பூசிக் காயவிட்டு, மறுபடி உப்புத்தாள். மேலோட்டமாக ஏறிய இடத்தில் கறுப்பு போய்விடும். ஆழமாக இறங்கிய இடத்தில் நிற்கும். அதன்மேல் சிவப்போ மஞ்சளோ பூசினால், திட்டாக இருந்தது ரேகையாகத் தெரியும். எங்கும் ஒரே சீராகக் குடிக்கும் மரத்தில் இந்த வித்தை பலிக்காது. மாமரத்தின் கோளாறுதான் இங்கே மூலதனம்.

காய்ந்த சாயம் செத்த நிறத்தில் இருக்கும், பதற வேண்டாம். மரத்தின் நுண்துளைகளில் உள்ள காற்று ஒளியைச் சிதறடிப்பதே காரணம். செல்லுலோஸ், அரக்கு இரண்டின் ஒளிவிலகல் எண்ணும் ஏறக்குறைய 1.5. அரக்குப் பாலிஷ் துளைகளை நிரப்பியதும் சிதறல் குறைந்து நிறம் ஆழம் பெறும். ஒரு விதியை மட்டும் மறக்காதீர்கள்: சாயத்தைக் கரைக்கும் கரைப்பானிலேயே மேற்பூச்சும் இருந்தால் நிறம் இழுபடும். தண்ணீர்ச் சாயத்தின் மேல் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு சரியான ஜோடி. அடுத்த கிண்ணத்துக்கு, ஸ்டெய்னுக்கு முன்பே மிக நீர்த்த அரக்கை ஒருமுறை பூசுங்கள். திறந்த வாய்கள் அதை முதலில் குடித்து ஓரளவு அடைபடும்.

கடையில் 'மங்கவே மங்காத நிறம்' என்று சொன்னால் நம்பாதீர்கள். பொதுவாக வெயிலில் சாயம் நிறமியைவிடச் சீக்கிரம் வெளுக்கும். 'மரத்துக்கு ஊட்டம் தரும் எண்ணெய்' இன்னும் பெரிய கதை. செத்த செல்லுக்கு ஊட்டம் எதற்கு? ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த வினையில் வெப்பம் வெளிப்படும். எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டால், வெப்பம் வெளியேற வழியின்றித் தானே தீப்பற்றலாம். துணியைத் திறந்தவெளியில் விரித்துப்போட்டு, நன்றாக விறைத்த பிறகே எறியுங்கள்.