மலை முன்கூட்டியே சொல்கிறது!

பெயர் காந்தல். ஊரோ பற்களைத் தந்தி அடிக்க வைக்கும் குளிர் ஊர்!

உதகமண்டலத்தில் இருக்கிறது காந்தல். காசி விசுவநாதர் கோவிலுக்கும் குருசடி ஆலயத்துக்கும் பக்தர்கள் வருவார்கள். மற்றபடி, ஊட்டி பார்க்க வருகிறவர்கள் இந்தப் பக்கம் அதிகம் எட்டிப் பார்ப்பதில்லை. உழைத்துச் சாப்பிடும் குடும்பங்கள் வாழும் இடம் இது. வீட்டோடு வீடு ஒட்டி நிற்கும்.

பெருமழை பெய்தால், காந்தல் முக்கோணம் பகுதியில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்துவிடும். "மலை மேலே வெள்ளமா?" என்று கீழ்நாட்டுக்காரர்கள் சிரிக்கக்கூடும். மேட்டில் விழுந்த மழை பள்ளத்துக்குத்தானே ஓடிவர வேண்டும்!

பள்ளத்தில் இருப்பவர்களுக்கு வெள்ள பயம். மேட்டில் இருப்பவர்களுக்கு வேறு பயம். அது மண்சரிவு.

பஞ்சு போன்ற மலை

நீலகிரியின் மேட்டு நிலத்தில் ஒரு காலத்தில் புல்வெளியும் சோலைக்காடும்தான் இருந்தன. மழை விழுந்தால், அந்த மண் பஞ்சு போல உறிஞ்சிக்கொள்ளும். பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விடும். மிஞ்சிய நீர் பள்ளத்திலுள்ள சதுப்பு நிலத்தில் தங்கும்.

வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். 1820-களில் கலெக்டர் ஜான் சலிவன் ஊட்டி ஏரியை உண்டாக்கினார். அந்த ஏரியின் ஒரு பகுதி பின்னாளில் குதிரைப் பந்தய மைதானமாகவும் பேருந்து நிலையமாகவும் மாறியது! புல்வெளியில் தைல மரமும் சீகை மரமும் வந்தன. சரிவுகளில் தேயிலை வந்தது. அதன் பிறகு வீடுகள், விடுதிகள், சாலைகள்.

சரிவைச் செங்குத்தாக வெட்டி, சமதளம் ஆக்கி, அதன்மேல் வீடு கட்டுகிறார்கள். வெட்டப்பட்ட மேட்டுக்குக் கீழே தாங்கல் இல்லை. தடுப்புச் சுவர் கட்டினாலும், அதில் நீர் வடியத் துளை விடாவிட்டால் ஆபத்துதான். சுவருக்குப் பின்னால் தண்ணீர் கோத்து நிற்கும். மண் ஊறி ஊறிக் கனக்கும். ஒரு நாள் சுவரையும் தள்ளிக்கொண்டு கீழே இறங்கும்.

எத்தனை முறை!

1978 நவம்பரில் நீலகிரியில் பல இடங்களில் மண் சரிந்தது. புவியியல் துறை நிபுணர்கள் மலையை ஆராய்ந்தார்கள். எந்தச் சரிவுகள் ஆபத்தானவை என்று எடுத்துச் சொன்னார்கள்.

1993 நவம்பரில் மேட்டுப்பாளையம் - குன்னூர் சாலையில் மரப்பாலம் அருகே மலை சரிந்தது. சாலையில் போனவர்கள் அடித்துச் செல்லப்பட்டார்கள். அதே 1993-ல்தான் நீலகிரிக்கு மாஸ்டர் பிளான் வந்தது. 7 மீட்டருக்கு மேல் உயரமாகக் கட்டடம் கட்டக்கூடாது என்று அது சொல்லிற்று.

சட்டம் இருக்கிறது. பொக்லைன் எந்திரமும் இருக்கிறது!

2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் மாண்டார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியிலும் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை!

இப்படிக் கொட்டுவானேன்? கடலும் காற்றும் சூடேறி வருகின்றன. காற்றின் வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் கூடினால், அது சுமக்கக்கூடிய ஈரம் ஏறக்குறைய 7 சதவீதம் கூடும். பத்து நாள் பெய்ய வேண்டிய மழை ஒரே இரவில் இறங்கிவிடுகிறது. பஞ்சாக இருந்த மலை இருந்தாலே திணறும். பஞ்சைத்தான் நாம் பிய்த்துவிட்டோமே!

கேட்டதும் கேளாததும்

கூடலூர், பந்தலூரைத் தாண்டினால் கேரளத்தின் வயநாடு. அதுவும் தேயிலை மலைதான். அங்கே முண்டக்கை என்ற ஊர்.

கல்பற்றாவில் ஹ்யூம் சூழலியல் மையம் என்று ஒன்று இருக்கிறது. வயநாடு முழுவதும் மழைமானிகளை வைத்து, தினமும் மழையை அளந்து வருகிறது. எந்த மலையில் எவ்வளவு பெய்தால் ஆபத்து என்று கணக்குப் போடுகிறது.

2020-ல் அந்த மையம் எச்சரித்தது. முண்டக்கை மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். மண் சரிந்தது. உயிர் ஒன்றும் போகவில்லை.

2024 ஜூலை 29-ந் தேதி அதே மையம் மீண்டும் எச்சரித்தது. மாவட்ட நிர்வாகத்துக்குத் தகவல் போயிற்று. ஆனால், ஊர் முழுவதையும் காலி செய்யவில்லை. மறுநாள் விடியுமுன், ஜனங்கள் தூங்கிக்கொண்டிருந்தபோது மலை இடிந்து வந்தது. முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுக்குள் போயின. இருநூறு பேருக்கு மேல் மாண்டார்கள்.

ஊர் அதுவேதான். எச்சரித்தவர்களும் அவர்களேதான்!

எச்சரிக்கை பலிக்காமல் போனால், "வீணாக ஓட வைத்தார்களே" என்று சலித்துக்கொள்வது மனித சுபாவம். சாமான்களைப் போட்டுவிட்டு, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, மழையில் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் படுப்பது கஷ்டம்தான். ஒரு நாள் கூலியும் போய்விடும். கூலியை மறுநாள் சம்பாதித்துக்கொள்ளலாம்.

வீட்டிலேயே தெரியும் அடையாளங்கள்

கருவி இல்லாதவர்களுக்கும் மலை சேதி சொல்கிறது. வீட்டுக்கு மேலே உள்ள மண்ணில் புதிதாக வெடிப்பு காணும். சுவரில் கீறல் விழும். நேற்றுவரை சரியாக மூடிய கதவு இன்று மூடாது. மின்கம்பமோ மரமோ சாய்ந்து நிற்கும். தெளிந்த ஊற்று திடீரென்று கலங்கி வரும். ஊற்றே இல்லாத இடத்தில் தண்ணீர் கசியும். மழை கொட்டும்போது ஓடையில் தண்ணீர் குறைந்தால், இன்னும் ஆபத்து! மேலே எங்கோ மண் விழுந்து ஓடையை அடைத்துக்கொண்டிருக்கக்கூடும்.

இவற்றில் ஒன்றைக் கண்டாலும் இரவு அந்த வீட்டில் படுக்கக்கூடாது. பக்கத்து வீட்டுக்காரரையும் எழுப்பிக் கூட்டிப் போக வேண்டும். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் தொலைபேசி எண் 1077. கட்டணம் கிடையாது.