தில்லி - லே விமானப் பயணம்: தொலைவு 620 கி.மீ.; பயண நேரம் எவ்வளவு?

புதுதில்லி: தில்லி இந்திரா காந்தி பன்னாட்டு விமான நிலையத்துக்கும் லடாக்கின் லே நகரில் உள்ள குஷோக் பகுலா ரிம்போச்சே விமான நிலையத்துக்கும் இடையிலான வான்வழித் தொலைவு சுமார் 620 கிலோமீட்டர். நேரடி விமானங்கள் இத்தொலைவை ஏறக்குறைய ஒன்றேகால் மணி முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள் கடக்கின்றன. மணாலி வழியாகச் சாலையில் செல்வதானால் தொலைவு ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர். இரண்டு நாள்களாவது ஆகும். குளிர்காலத்தில் பனிப்பொழிவால் மணாலி - லே சாலை பல மாதங்கள் மூடப்படுவதும் உண்டு.

நேரம் கணக்கிடப்படுவது எப்படி?

மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தால் இத்தொலைவுக்கு 47 நிமிடங்களே போதும். எனினும், அட்டவணையில் குறிப்பிடப்படும் நேரம், விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வது முதல் சென்று சேரும் இடத்தில் நிற்பது வரையிலானது. ஓடுபாதைக்குச் செல்லுதல், மேலேறுதல், மலைகளுக்கு இடையே வேகத்தைக் குறைத்து இறங்குதல் ஆகிய அனைத்தும் அதில் அடங்கும்.

காலை நேர விமானங்கள் ஏன்?

லே விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து 3,256 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கு காற்றின் அடர்த்தி குறைவு. வெயில் ஏறினால் அது மேலும் குறையும். அப்போது விமானத்தின் தூக்குவிசையும் இன்ஜின்களின் திறனும் குறைகின்றன. பிற்பகலில் பள்ளத்தாக்கில் காற்றும் பலமாக வீசும். எனவே, பயணிகள் விமானங்கள் பெரும்பாலும் முற்பகலில் இயக்கப்படுகின்றன. 2024 ஜூலை இறுதியில் வெப்பம் காரணமாக லே விமானங்கள் சில ரத்து செய்யப்பட்டன.

உடலுக்குத் தேவை 48 மணி நேரம்

தில்லி விமான நிலையத்தின் உயரம் சுமார் 237 மீட்டர் மட்டுமே. ஒன்றரை மணி நேரத்துக்குள் பயணி 3,000 மீட்டருக்கு மேல் உயர்ந்துவிடுகிறார். லேயில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். பொதுவாக, பறக்கும்போது விமானத்தின் உட்பகுதி 2,440 மீட்டர் உயரத்துக்கு இணையான காற்றழுத்தத்துக்குக் கீழே செல்லாதவாறு பராமரிக்கப்படுகிறது. ஆகவே, தரையிறங்கிய பிறகே பயணி இன்னும் மெல்லிய காற்றைச் சுவாசிக்கிறார்.

தலைவலி, குமட்டல், தூக்கமின்மை ஆகியவை உயர்மலை நோயின் தொடக்க அறிகுறிகள். நோய் முற்றினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து, உயிருக்கே ஆபத்தாகலாம். முதல் 48 மணி நேரம் லேயிலேயே ஓய்வெடுக்குமாறும், மதுவைத் தவிர்க்குமாறும் பயணிகளுக்கு அறிவுறுத்தப்படுகிறது. பாங்கோங் ஏரி, 5,300 மீட்டருக்கு மேல் உள்ள கர்துங் லா கணவாய் போன்ற இடங்களுக்கு அதன் பின்னரே செல்ல வேண்டும். இதய, நுரையீரல் நோயாளிகளும் கர்ப்பிணிகளும் பயணச்சீட்டு பதிவு செய்யும் முன் மருத்துவரிடம் ஆலோசனை பெறுவது அவசியம்.

வானிலையால் விமானம் ரத்தாகும் வாய்ப்பு இருப்பதால், லேயிலிருந்து திரும்பும் நாளிலேயே தில்லியில் வேறு விமானம் மாற வேண்டியவர்கள், இடையில் ஒரு நாளாவது விட்டுப் பயணத்தைத் திட்டமிடுவது நல்லது.