மாமரம் பூத்தும் காய்க்கலையா? மருந்தடிக்கிற நேரத்தைக் கவனிங்க!

காரைக்குடி பக்கம் கோவிலூர்ல மாமரம் வச்சிருக்கீங்களா? மரம் முழுக்கப் பூ, ஆனா காய் மட்டும் குறைவா?

ஒரு மாம்பூங்கொத்தில் நூற்றுக்கணக்கான பூக்கள் இருக்கும். ஆனால் இருபால் பூ மட்டுமே காயாகும். ஆண் பூ உதிர்ந்துவிடும். மகரந்தம் பிசுபிசுப்பானது, காற்றில் எளிதாகப் பறக்காது. ஈயும் தேனீயும் கொசுத்தேனீயும் சுமந்து வந்தால்தான் நல்லா காய் பிடிக்கும். அப்படியும் பெரும்பாலும் 100 பூவில் ஒன்றுகூடப் பழமாவதில்லை.

இதில் சிக்கல் என்ன? பூச்சாறை உறிஞ்சும் தத்துப்பூச்சிக்குப் பயந்து, பூ விரிந்த நேரத்தில் மருந்தடித்தால் தேனீயும் சேர்ந்தே செத்துப்போகும்.

என்ன செய்யலாம்? பூங்கொத்து வெளிவரும்போதே தத்துப்பூச்சியைக் கவனிச்சுக் கட்டுப்படுத்துங்க. பூ விரிஞ்சதும் மருந்தைத் தவிருங்க. அடிச்சே ஆகணும்னா, தேனீக்கள் கூடு திரும்பிய பிறகு சாயங்காலம் அடிங்க. தோப்பில் தேனீப் பெட்டி வச்சா, காயோட தேனும் கிடைக்கும்!